இதழில் வந்த கட்டுரையை விதி மீறாமல் எல்லோருக்கும் திறந்து வைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

சந்தா கட்டினால் மட்டுமே திறக்கும் ஆய்விதழில் கட்டுரை வந்தாலும், அதன் ஒரு பிரதியை எவரும் படிக்கும்படி வைக்கப் பெரும்பாலான பெரிய பதிப்பகங்கள் அனுமதிக்கின்றன. அதற்குக் கட்டணம் கிடையாது. ஆய்வை எவரும் கட்டணமின்றிப் படிக்கத் திறந்து வைக்கும் திறந்த அணுக்கத்தில் (ஓப்பன் ஆக்சஸ்) இதைப் பசுமை வழி என்பார்கள். ஆவணங்கள் கையில் இருந்தால் முதல் கட்டுரைக்கு ஒரு மணி நேரம் ஆகும், அடுத்தடுத்தவை கால் மணியில் முடிந்துவிடும்.

புதியவர்கள் சறுக்குவது தொழில்நுட்பத்தில் இல்லை, வரிசையில். முதலில் ஏதோ ஒரு பி.டி.எஃப்பை ஏற்றிவிட்டு, அதற்கு அனுமதி உண்டா என்று பிறகு தேடுகிறார்கள். கீழே உள்ள வரிசை அதைத் தலைகீழாக்குகிறது: பிரதி, அனுமதி, இடம், கோப்பு, ஏற்றம்.

1. தொடங்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

கட்டுரையின் டி.ஓ.ஐ எண் (கட்டுரைக்குரிய நிலையான இணைய அடையாளம்), இதழின் ஐ.எஸ்.எஸ்.என் (இதழுக்குரிய அடையாள எண்), ஏற்பு மின்னஞ்சல், இணையத்தில் முதன்முதலாக வெளியான தேதி, நீங்கள் கையெழுத்திட்ட பதிப்புரிமைப் படிவம், நிதி தந்த அமைப்பின் திட்ட எண், உடன் ஆசிரியர்களின் மின்னஞ்சல் முகவரிகள். இவை எல்லாம் ஒரே கோப்புறையில் இருக்கட்டும். பாதி வழியில் எழுந்துபோய்த் தேடினால் அன்றைக்கு வேலை முடியாது.

ஆர்கிட் எண் இல்லையென்றால் முதலில் அதை வாங்கிவிடுங்கள். ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் உரிய 16 இலக்க அடையாள எண் அது, இலவசம். பதிவு செய்யும்போது கல்லூரி மின்னஞ்சலோடு சொந்த மின்னஞ்சலையும் சேருங்கள். கல்லூரி மாறியதும் பழைய முகவரி மூடப்படும். உள்ளே போக வழியில்லாமல் புதிதாக இன்னொரு ஆர்கிட் வாங்கினால் உங்கள் கட்டுரைகள் இரண்டு ஆட்களின் பெயரில் பிரிந்து நிற்கும்.

2. எந்தப் பிரதி உங்களுடையது

ஒரு கட்டுரைக்கு மூன்று பிரதிகள் உண்டு. இதழுக்கு முதலில் அனுப்பியது சமர்ப்புப் பிரதி. மதிப்பாய்வாளர் சொன்ன திருத்தங்கள் எல்லாம் சேர்ந்து, ஆசிரியர் குழு ஏற்ற கடைசி வேர்டு அல்லது லேடெக் கோப்பு ஏற்புப் பிரதி. பதிப்பகம் பக்கம் கட்டி, இதழின் பெயரும் பக்க எண்ணும் போட்டு வெளியிட்டது வெளியீட்டுப் பிரதி.

பசுமை வழியில் பெரும்பாலும் அனுமதி கிடைப்பது நடுவில் உள்ள ஏற்புப் பிரதிக்குத்தான். உள்ளடக்கத்தில் அது வெளியீட்டுப் பிரதிக்கு நிகரானது. பக்கம் கட்டியதும் மொழி செப்பனிட்டதும் மட்டுமே பதிப்பகத்தின் பங்கு.

தலைப்பில் இதழின் சின்னம், ஓரத்தில் பதிப்பகத்தின் பதிப்புரிமை வரி, இரட்டைப் பத்தி அமைப்பு ஆகியவை இருந்தால் அது வெளியீட்டுப் பிரதி. சரிபார்க்கச் சொல்லி இதழ் அனுப்பும் மெய்ப்புப் பிரதியும் பதிப்பகம் கட்டியதுதான், அதையும் தொடக்கூடாது. வெளியீட்டு பி.டி.எஃப்பை வேர்டுக்கு மாற்றி, சின்னத்தை அழித்து, "இதோ ஏற்புப் பிரதி" என்று ஏற்றும் குறுக்குவழி துறைக்குத் துறை புழக்கத்தில் இருக்கிறது. சின்னம் போனாலும் பதிப்பகம் செப்பனிட்ட வாக்கியங்கள் அப்படியே நிற்கும், ஒப்பிட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஏற்புப் பிரதி காணோம் என்பதுதான் அடிக்கடி கேட்கும் புலம்பல். மூன்று இடங்களில் தேடுங்கள். ஒன்று, இதழின் சமர்ப்புத் தளம்: எடிட்டோரியல் மேனேஜர், ஸ்காலர்ஒன் போன்றவற்றில் முடிவு வந்த கட்டுரைகளின் பட்டியலில் கடைசித் திருத்தப் பிரதி பெரும்பாலும் கிடைக்கும். இரண்டு, தொடர்புக்குரிய ஆசிரியரின் 'அனுப்பியவை' பெட்டி. மூன்று, ஓவர்லீஃபில் எழுதியிருந்தால் அதன் வரலாற்றுப் பகுதி. ஏற்பு மின்னஞ்சலின் தேதியை வைத்து அன்றைய நிலையை எடுக்கலாம்.

சமர்ப்புத் தளம் தானாகக் கட்டிய பி.டி.எஃப்பை அப்படியே எடுத்துவிடாதீர்கள். அதில் மதிப்பாய்வாளருக்கு எழுதிய பதில் கடிதம், வரி எண்கள், குறுக்கே நீர்க்குறி எல்லாம் ஒட்டிக்கொண்டு வரும். மூலக் கோப்பை இறக்குங்கள்.

எங்கும் கிடைக்கவில்லையென்றால் சமர்ப்புப் பிரதியை வைக்கலாம். பெரும்பாலான பதிப்பகங்கள் அதற்குத் தடைக்காலமே (இத்தனை மாதம் வரை பொதுவில் திறக்கக்கூடாது என்ற கெடு, எம்பார்கோ) விதிப்பதில்லை. ஆனால் மதிப்பாய்வுக்கு முந்தைய பிரதி என்று முதல் பக்கத்தில் தெளிவாக எழுத வேண்டும்.

3. அனுமதியைப் படிப்பது

இந்த வழிகாட்டியில் நிதானமாகச் செய்ய வேண்டிய படி இதுதான்.

பிரிட்டனின் ஜிஸ்க் அமைப்பு நடத்தும் 'ஓப்பன் பாலிசி ஃபைண்டர்' தளத்துக்குப் போங்கள். ஷெர்பா ரோமியோ என்று பலருக்குப் பழக்கமான தளத்தின் இப்போதைய வடிவம் அது. 2024இல் பெயர் மாறியது. பழைய வழிகாட்டிகளில் வரும் பச்சை, நீலம், மஞ்சள் வண்ணக் குறியீடுகள் இப்போது இல்லை, அவற்றைத் தேட வேண்டாம்.

இதழின் பெயரைத் தட்டாமல் ஐ.எஸ்.எஸ்.என்னைத் தட்டுங்கள். ஒரே சொல்லில் தொடங்கும் இதழ்கள் டஜன் கணக்கில் உண்டு. தவறான இதழின் விதியைப் படித்துவிட்டு நிம்மதியாக ஏற்றியவர்கள் நிறையப் பேர்.

பதிவில் ஐந்து விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: எந்தப் பிரதி, எத்தனை மாதத் தடைக்காலம், எந்த இடத்தில், எந்த உரிமத்தில், என்ன நிபந்தனையோடு. ஐந்தும் ஒன்றோடொன்று கட்டுப்பட்டவை. "ஏற்புப் பிரதிக்கு அனுமதி உண்டு" என்ற ஒரு வரியை மட்டும் படித்துவிட்டு ஓடக்கூடாது.

மூன்று பெரிய பதிப்பகங்களை எடுத்துக்கொண்டால் வித்தியாசம் புரியும். எல்சவியர் ஏற்புப் பிரதியை உங்கள் சொந்த, வணிகம் சாராத வலைத்தளத்தில் உடனே வைக்க விடுகிறது. நிறுவனக் களஞ்சியத்தில், அதாவது உங்கள் பல்கலைக்கழகம் கட்டுரைகளைச் சேமித்து வைக்கும் தளத்தில், பொதுவில் திறக்க இதழுக்கு இதழ் மாறுபடும் தடைக்காலம் உண்டு. உரிமம் சிசி (கிரியேட்டிவ் காமன்ஸ்) வகையில் சிசி பை-என்சி-என்டி ஆக இருக்க வேண்டும், அதாவது பெயர் சொல்ல வேண்டும், வணிகம் கூடாது, மாற்றக்கூடாது. ஸ்பிரிங்கர் நேச்சரின் சந்தா இதழ்கள் பலவற்றில் நிறுவனக் களஞ்சியத்துக்குப் 12 மாதம். அந்தப் பிரதிக்குச் சிசி உரிமம் போட முடியாது, பதிப்பகத்தின் பயன்பாட்டு விதிகளைத்தான் சுட்ட வேண்டும். ஐ.இ.இ.இ சொந்தத் தளத்திலும் பணியிடத்தின் தளத்திலும் ஆர்க்கைவ் (arXiv) தளத்திலும் ஏற்புப் பிரதியை அனுமதிக்கிறது, ஆனால் அது வகுத்துத் தந்த பதிப்புரிமை வாசகத்தை முதல் பக்கத்தில் சேர்த்தே ஆக வேண்டும்.

தடைக்காலம் எந்தத் தேதியிலிருந்து ஓடுகிறது என்பதில் பலர் தவறுகிறார்கள். ஏற்புத் தேதியிலிருந்து இல்லை. பெரும்பாலும் முதல் வெளியீட்டுத் தேதியிலிருந்து, அதுவும் இணையத்தில் முதலில் வந்த நாளிலிருந்து. கட்டுரை 2025 மார்ச் 10 அன்று இணையத்தில் வந்து, செப்டம்பர் இதழில் அச்சாகியிருந்தால், 12 மாதத் தடை 2026 மார்ச் 10 அன்று முடியும். செப்டம்பரை வைத்துக் கணக்கிட்டால் ஆறு மாதம் வீணாகும். விதியில் "இதழ் வெளியான நாள்" என்று வேறுவிதமாக இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

தளம் சொல்வதும் நீங்கள் கையெழுத்திட்ட படிவம் சொல்வதும் முரண்பட்டால் படிவமே செல்லும். தளம் ஒரு திரட்டு மட்டுமே.

கட்டுரை ஏற்கெனவே சிசி பை உரிமத்தில் (பெயர் சொன்னால் போதும், யாரும் பயன்படுத்தலாம்) வெளியாகியிருந்தால் இந்தத் தலைவலி எதுவும் இல்லை. வெளியீட்டு பி.டி.எஃப்பையே எடுத்து எங்கும் வைக்கலாம். இலவசமாகப் படிக்கக் கிடைப்பது வேறு, சிசி உரிமம் இருப்பது வேறு. உரிமத்தின் பெயர் கட்டுரைப் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

இனி, தளத்தில் பெயரே இல்லாத இதழ்கள். பல்கலைக்கழக இதழ்களும் தமிழில் வரும் ஆய்விதழ்களும் பெரும்பாலும் இந்த வகை. ஆசிரியருக்கு நான்கு வரி எழுதிக் கேளுங்கள்:

"ஐயா, தங்கள் இதழில் (தொகுதி, எண், ஆண்டு) வெளியான என் கட்டுரையின் ஏற்புப் பிரதியை, இதழின் முழு விவரத்தோடும் இணைப்போடும், இன்ன களஞ்சியத்தில் கட்டணமின்றிப் படிக்கும்படி வைக்க விரும்புகிறேன். தங்களுக்கு உடன்பாடா என்பதையும், நிபந்தனை ஏதும் உண்டா என்பதையும் இம்மின்னஞ்சலுக்கே பதிலாகத் தெரிவிக்க வேண்டுகிறேன்."

பிரதியின் வகையையும் இடத்தையும் பெயர் சொல்லிக் கேட்பதுதான் முக்கியம். "இணையத்தில் போடலாமா" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் பொத்தாம்பொதுவான பதில் வரும், பிறகு உதவாது. வந்த பதிலைப் பி.டி.எஃப்பாகச் சேமித்துக் கட்டுரையின் கோப்புறையில் போடுங்கள். தொலைபேசியில் சொன்ன "சரி" கணக்கில் வராது.

எந்தப் படிவத்திலும் கையெழுத்திட்ட நினைவே இல்லையா? இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இன் 19ஆம் பிரிவுப்படி, எழுத்துமூலமாகவும் உரிமையாளரின் கையெழுத்தோடும் இல்லாத உரிமை மாற்றம் செல்லாது. அதை மட்டும் நம்பி உடனே ஏற்றிவிடாதீர்கள். சமர்ப்புத் தளத்தில் டிக் அடித்த ஒரு பெட்டியே ஒப்பந்தமாக இருந்திருக்கலாம். பழைய மின்னஞ்சல்களில் அந்த விதிகள் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

4. உடன் ஆசிரியர்கள், நிதி தந்தவர்கள், பிறர் படங்கள்

உடன் ஆசிரியர்களுக்கு ஒரு தகவல் மின்னஞ்சல் அனுப்புங்கள்: எந்தப் பிரதி, எங்கே, எந்த நாளில். அவர்களில் ஒருவர் தம் நிறுவனக் களஞ்சியத்தில் ஏற்கெனவே வைத்திருந்தால் உங்கள் வேலை மிச்சம்.

நிதி தந்த அமைப்புக்குத் தனி விதி இருக்கலாம். இந்தியாவில் உயிரித் தொழில்நுட்பத் துறையும் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் 2014 டிசம்பரில் வெளியிட்ட கொள்கை, அவர்கள் நிதியில் நடந்த ஆய்வின் ஏற்புப் பிரதியை ஏற்பு கிடைத்த இரண்டு வாரத்துக்குள் களஞ்சியத்தில் சேர்க்கச் சொல்கிறது. அமெரிக்காவின் தேசிய நலவாழ்வு நிறுவனமான என்.ஐ.எச் நிதி பெற்ற கூட்டாய்வு என்றால், 2025 ஜூலை 1 முதல் ஏற்பு பெறும் கட்டுரைகள் தடைக்காலம் இல்லாமல் அதன் பப்மெட் சென்ட்ரல் களஞ்சியத்தில் கிடைக்க வேண்டும்.

சேர்ப்பதும் திறப்பதும் வேறு வேறு செயல்கள் என்பதை இங்கே நினைவில் வையுங்கள். தடைக்காலம் முடியும் வரை காத்திருந்துவிட்டு ஏற்றலாம் என்று நினைப்பவர்கள் மறந்துபோகிறார்கள். இன்றே ஏற்றிக் கோப்பை மட்டும் பூட்டி வைத்தால், குறித்த நாளில் களஞ்சியம் தானே திறந்துவிடும்.

அருங்காட்சியகப் புகைப்படம், வேறொரு கட்டுரையிலிருந்து எடுத்த வரைபடம் போன்றவற்றுக்கு வாங்கிய அனுமதி அந்த இதழுக்கு மட்டுமே பொருந்தும். களஞ்சியப் பிரதியில் அந்தப் படத்தை எடுத்துவிட்டு, "படம் 3 வெளியீட்டுப் பிரதியில் உள்ளது" என்று ஒரு வரி போடுங்கள்.

5. எங்கே வைப்பது

முதல் தேர்வு உங்கள் நிறுவனக் களஞ்சியம். பதிப்பக விதிகளில் பெரும்பாலும் பெயர் சொல்லி அனுமதிக்கப்படும் இடம் அதுதான், நூலகரும் துணைக்கு இருப்பார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் போன்ற பல இடங்களில் டிஸ்பேஸ் மென்பொருளில் இத்தகைய களஞ்சியம் இயங்குகிறது.

இரண்டாவது, துறைக் களஞ்சியம்: இயற்பியல், கணிதம், கணினி அறிவியலுக்கு ஆர்க்கைவ், பொருளியலுக்கு ரெபெக் வழி. அந்தத் துறைக்காரர்கள் அங்கேதான் தேடுகிறார்கள்.

இரண்டும் இல்லாதவர்களுக்கு ஜெனோடோ. ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்ன் நடத்துகிறது, எந்தத் துறையும் எந்த நாடும் சேரலாம், ஒரு பதிவுக்கு 50 ஜிபி வரை இடம், டி.ஓ.ஐ இலவசம். ஆனால் பதிப்பக விதியில் "நிறுவனக் களஞ்சியம்" என்று மட்டும் இருந்தால் ஜெனோடோவும் அதில் அடங்கும் என்று நீங்களாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கேட்டு எழுதுங்கள்.

ரிசர்ச்கேட்டும் அகாடெமியா தளமும் களஞ்சியங்கள் இல்லை. வணிக நிறுவனங்களின் சமூக வலைத்தளங்கள் அவை. பல பதிப்பகங்களின் அனுமதி அவற்றுக்குப் பொருந்தாது. எல்சவியரும் அமெரிக்க வேதியியல் கழகமும் 2017இல் ரிசர்ச்கேட் மீது ஜெர்மனியில் வழக்குத் தொடுத்தன. அங்கே இணைப்பை மட்டும் போடுங்கள், கோப்பு களஞ்சியத்தில் இருக்கட்டும்.

6. கோப்பைத் தயார் செய்தல்

வேர்டில் திருத்தத் தடங்கள், ஓரக் குறிப்புகள், வரி எண்கள் எல்லாவற்றையும் நீக்குங்கள். படங்களும் அட்டவணைகளும் தனிக் கோப்புகளாகச் சமர்ப்பிக்கப்பட்டிருந்தால் உரிய இடத்தில் செருகி, முழுவதையும் ஒரே பி.டி.எஃப் ஆக்குங்கள்.

முதல் பக்கத்தின் தலையில் மூன்று வரிகள் வேண்டும்: இது இன்ன இதழில் இன்ன ஆண்டு வெளியான கட்டுரையின் ஏற்புப் பிரதி, வெளியீட்டுப் பிரதியின் டி.ஓ.ஐ, உரிமம் அல்லது பதிப்பகம் கேட்கும் வாசகம். கோப்பு தனியாகப் பலர் கைக்குப் போகும். களஞ்சியப் பக்கத்தில் எழுதியது கூடவே போகாது.

கூகுள் ஸ்காலருக்காக: தலைப்பு முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில், அதன் கீழ் ஆசிரியர் பெயர்கள், கோப்பின் அளவு 5 எம்பிக்குள். ஒரு கோப்பில் ஒரு கட்டுரைதான். மூன்று கட்டுரைகளைச் சேர்த்து ஒரே பி.டி.எஃப் ஆக்கினால் எதுவும் தேடலில் வராது.

தமிழில் எழுதிய கட்டுரைகளுக்கு இங்கே ஒரு பெரிய பள்ளம் காத்திருக்கிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சிட்ட கோப்பு கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். கணினிக்கு அது ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த குப்பை. தேடுபொறிக்கு அந்தக் கட்டுரை இருப்பதே தெரியாது. ஒரு பத்தியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். தமிழ் வந்தால் சரி. வராவிட்டால் எழுத்துரு மாற்றிக் கருவியில் போட்டு யூனிகோடுக்கு மாற்றி, மெய்ப்புப் பார்த்து, பிறகு பி.டி.எஃப் ஆக்குங்கள். ஆங்கில மேற்கோள்கள் கலந்த பகுதிகளைத் தனியே எடுத்து வைத்துவிட்டு மாற்ற வேண்டும், இல்லையென்றால் ஆங்கிலமும் அர்த்தமற்ற தமிழாகிவிடும்.

யூனிகோடில் இருந்தாலும் கொம்பும் காலும் இடம் மாறி நகலாவதுண்டு. வேர்டில் அச்சு வழியாகப் பி.டி.எஃப் எடுக்காமல் 'சேவ் ஆஸ்' வழியாக எடுத்துப் பாருங்கள். லேடெக் என்றால் ஸீலேடெக் அல்லது லூவாலேடெக் பயன்படுத்துங்கள். அப்படியும் சரியாகவில்லையென்றால் வேர்டு கோப்பையும் பி.டி.எஃப்போடு சேர்த்து ஏற்றுங்கள்.

அச்சுப் பிரதி மட்டுமே இருக்கும் பழைய கட்டுரையை ஸ்கேன் செய்தால், அது படங்களின் அடுக்குதான். கூகுள் டிரைவிலோ டெஸராக்ட் மென்பொருளிலோ எழுத்துணரி (படத்திலுள்ள எழுத்தைப் படித்தெடுக்கும் கருவி, ஓ.சி.ஆர்) ஓட்டினால் தமிழும் ஓரளவு நன்றாகவே வரும். ஆனால் ஸ்கேன் செய்தது வெளியீட்டுப் பிரதி என்பதால் 3ஆம் படியின் அனுமதி அதற்குத் தனியாக வேண்டும்.

7. பெயரும் மீதரவும் (கட்டுரையைப் பற்றிய விவரங்கள்)

படிவத்தில் 'ஃபேமிலி நேம்', 'கிவன் நேம்' என்று இரண்டு பெட்டிகள் இருக்கும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, எனவே ஆளுக்கொரு விதமாக நிரப்புகிறார்கள். ஒரு கட்டுரையில் அப்பா பெயர் குடும்பப் பெயராகிறது, அடுத்ததில் சொந்தப் பெயர். மேற்கோள்கள் அப்பாவுக்கும் பிள்ளைக்குமாகப் பிரிந்துபோகும்.

வெளியான கட்டுரையில் எப்படி இருக்கிறதோ அப்படியே நிரப்புங்கள். இனி எழுதுவதற்கு ஒரே முறையை முடிவு செய்து மாற்றாதீர்கள். சொந்தப் பெயரைக் குடும்பப் பெயர்ப் பெட்டியிலும் தலைப்பெழுத்தைக் கிவன் நேம் பெட்டியிலும் போடுவது பலருக்கு ஒத்துவருகிறது. ஆர்கிட் பக்கத்தில் 'இப்படியும் அறியப்படுவார்' என்ற பகுதியில் தமிழ் எழுத்தில் உள்ள பெயரையும் மற்ற வடிவங்களையும் சேர்த்துவிடுங்கள்.

தலைப்பை வெளியானபடியே எழுதுங்கள். அன்பேவால் போன்ற கருவிகள் தலைப்பையும் ஆசிரியரையும் பொருத்தித்தான் இலவசப் பிரதியைக் கண்டுபிடிக்கின்றன. தமிழ்க் கட்டுரைக்குத் தமிழ்த் தலைப்போடு ஆங்கிலத் தலைப்பையும், இரு மொழிச் சுருக்கத்தையும் கொடுங்கள்.

8. ஜெனோடோவில் ஏற்றுதல்

முதல் தடவை என்றால் ஜெனோடோவின் சாண்ட்பாக்ஸ் தளத்தில் ஒத்திகை பாருங்கள். அதற்குத் தனிக் கணக்கு வேண்டும், அங்கே கிடைக்கும் டி.ஓ.ஐ உண்மையானது இல்லை. உண்மைத் தளத்தில் வெளியிட்ட பதிவை நினைத்தபோது அழிக்க முடியாது என்பதால்தான் இந்த ஒத்திகை.

உள்ளே போய்ப் புதிய பதிவைத் தொடங்கிக் கோப்பை இழுத்துப் போடுங்கள். இதற்கு ஏற்கெனவே டி.ஓ.ஐ இருக்கிறதா என்று கேட்கும். பதிப்பகத்தின் டி.ஓ.ஐ அவர்களுடைய பிரதியைக் குறிக்கிறது. நீங்கள் வைப்பது ஏற்புப் பிரதி என்றால் இல்லை என்று சொல்லிப் புதியது வாங்கி, 'தொடர்புடைய படைப்புகள்' பகுதியில் பதிப்பகத்தின் டி.ஓ.ஐயைச் சேர்ப்பதே தெளிவானது. மேற்கோள் காட்டுபவர்கள் பதிப்பகத்தின் டி.ஓ.ஐயையே காட்டட்டும் என்று விளக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள். சிசி பை உரிமத்தில் வந்த வெளியீட்டுப் பிரதியையே வைக்கிறீர்கள் என்றால் பழைய டி.ஓ.ஐயையே கொடுங்கள்.

வகை: ஆய்விதழ்க் கட்டுரை. தேதிப் பெட்டியில் இன்றைய நாள் தானாக நிரம்பியிருக்கும். அதை அப்படியே விட்டால் 2019ஆம் ஆண்டுக் கட்டுரை இந்த வருடக் கட்டுரையாகத் தேடலில் வரும். மாற்றுங்கள்.

உரிமம்: இதுவும் தானாகச் சிசி பை 4.0 என்று நிரம்பியிருக்கும். ஜெனோடோவில் நடக்கும் மிக மோசமான தவறு இங்கேதான். எல்சவியர் பிரதியென்றால் சிசி பை-என்சி-என்டிக்கு மாற்றுங்கள். சிசி உரிமமே கூடாத பிரதியென்றால் அந்த வரியை நீக்கி, பதிப்பகத்தின் விதியைத் தனி உரிமமாக எழுதிச் சேருங்கள். கொடுக்க உங்களுக்கு அதிகாரம் இல்லாத உரிமத்தைக் கொடுத்தால், அதை நம்பி எடுத்தவரும் சிக்கலில் மாட்டுவார்.

தடைக்காலம் இருந்தால் கோப்புகளை மட்டும் 'ரிஸ்ட்ரிக்டெட்' ஆக்கி, எம்பார்கோ பெட்டியை டிக் செய்து, 3ஆம் படியில் கணக்கிட்ட தேதியைப் போடுங்கள். பதிவின் விவரங்கள் பொதுவிலேயே இருக்கட்டும். தலைப்பும் சுருக்கமும் தெரிந்தால்தான் வேண்டுபவர் உங்களுக்கு எழுதிக் கேட்பார்.

வரைவைச் சேமித்து, முன்னோட்டம் பார்த்து, பி.டி.எஃப்பைத் திறந்து கடைசிப் பக்கம் வரை ஒருமுறை உருட்டிவிட்டு வெளியிடுங்கள். விவரங்களைப் பிறகும் திருத்தலாம். கோப்பை மாற்றுவது அவ்வளவு எளிதில்லை, பொதுவாகப் புதிய பதிப்பாகத்தான் ஏற்ற வேண்டும்.

9. ஏற்றிய பிறகு

உலாவியின் மறைநிலைச் சாளரத்தில் இணைப்பைத் திறந்து பாருங்கள். உங்கள் கணக்கில் உள்நுழைந்தபடி பார்த்தால் பூட்டிய கோப்பும் உங்களுக்குத் திறக்கும், மற்றவர்களுக்குத் திறக்காது.

டி.ஓ.ஐயை ஆர்கிட் பக்கத்தில் சேருங்கள். சில வாரங்கள் கழித்து கூகுள் ஸ்காலரில் கட்டுரையைத் தேடி, 'எல்லாப் பதிப்புகளும்' என்பதன் கீழ் உங்கள் பிரதி வந்திருக்கிறதா என்று பாருங்கள். அன்பேவால் நீட்சியை உலாவியில் நிறுவிப் பதிப்பகத்தின் பக்கத்துக்குப் போனால், இலவசப் பிரதியைக் கண்டுபிடித்திருந்தால் பூட்டு பச்சையாகும். இரண்டிலும் வரவில்லையென்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது தலைப்பு வேறுபாட்டை, அடுத்து எழுத்தாக இல்லாமல் படமாக இருக்கும் பி.டி.எஃப்பை.

பதிப்பகத்திடமிருந்து நீக்கச் சொல்லிக் கடிதம் வந்தால் பதறி அழித்துவிடாதீர்கள். கோப்பை அன்றைக்கே பூட்டுங்கள், பதிவு இருக்கட்டும். பிறகு சேமித்து வைத்த விதியையும் தேதியையும் எடுத்துப் பாருங்கள். உங்கள் பக்கம் சரியென்றால் விதியின் நகலோடு பதில் எழுதிவிட்டுத் திறக்கலாம். தவறென்றால் உரிய பிரதியைப் புதிய பதிப்பாக ஏற்றலாம். இதற்காகத்தான் 3ஆம் படியில் பார்த்த பக்கத்தை அன்றைய தேதியோடு பி.டி.எஃப்பாகச் சேமிக்க வேண்டும். விதிகள் மாறிக்கொண்டே இருக்கும்.

10. அடுத்த கட்டுரைக்கு, அனுப்புவதற்கு முன்பே

மேலே பட்ட பாட்டில் பாதி, அனுப்பும்போதே ஒரு வரி எழுதியிருந்தால் இருந்திருக்காது. இதை உரிமை தக்கவைப்பு என்பார்கள். ஐரோப்பிய நிதி அமைப்புகளின் பிளான் எஸ் கூட்டணி பரவலாக்கிய முறை: "திறந்த அணுக்கத்தின் பொருட்டு, இச்சமர்ப்பிலிருந்து உருவாகும் ஏற்புப் பிரதிக்கு ஆசிரியர் சிசி பை உரிமம் வழங்கியுள்ளார்" என்ற பொருளில் ஒரு வாக்கியத்தை, கட்டுரையின் மொழியிலேயே, நன்றியுரைப் பகுதியிலும் இதழுக்கு எழுதும் கடிதத்திலும் சேர்ப்பது. முதல் சமர்ப்பிலேயே அது இருக்க வேண்டும். ஏற்புக்குப் பிறகு நுழைத்தால் மதிப்பில்லை. பிறகு அதற்கு முரணான படிவத்தை நீட்டினால் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்திடவும் கூடாது.

கட்டணம் வாங்கித் திறந்து வெளியிடும் இதழ் என்றால், அது டி.ஓ.ஏ.ஜே (திறந்த அணுக்க இதழ்களைச் சரிபார்த்துச் சேர்க்கும் பட்டியல்) பட்டியலில் இருக்கிறதா என்று ஐ.எஸ்.எஸ்.என் வழியாகப் பாருங்கள். இதழே தன் பக்கத்தில் ஒட்டியிருக்கும் டி.ஓ.ஏ.ஜே சின்னத்தை நம்ப வேண்டாம், பட்டியலுக்கே போய்ப் பாருங்கள். சந்தா இதழில் தனிக்கட்டுரைக்கு மட்டும் ஆயிரக்கணக்கான டாலர் கேட்டுத் திறப்பதாகச் சொன்னால், பசுமை வழி இருக்கும்போது அந்தப் பணத்தை ஆய்வகத்துக்குச் செலவிடுங்கள் என்பதே எங்கள் கருத்து.

ஏற்பு மின்னஞ்சல் வந்த அன்றே கடைசிக் கோப்பை 'ஏற்புப்பிரதி' என்ற பெயரில் சேமித்துவிடுங்கள். இரண்டு நிமிட வேலை. இரண்டு வருடம் கழித்து அதைத் தேட இரண்டு நாள் ஆகும்.

11. ஒரு துறையையே சேர்க்க வேண்டுமென்றால்

சுற்றறிக்கை அனுப்பிப் பயனில்லை. கடந்த மூன்று ஆண்டுகளின் கட்டுரைப் பட்டியலை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் 3ஆம் படியை ஒருவரே முடித்து, தடைக்காலம் கழிந்தவற்றை முதலில் பிரியுங்கள். பிறகு ஒவ்வொரு ஆசிரியருக்கும், "இந்த நான்கு கட்டுரைகளின் ஏற்புப் பிரதியை இந்த மின்னஞ்சலுக்கே அனுப்புங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று பெயர் குறிப்பிட்டு எழுதுங்கள். படிவம் நிரப்பச் சொன்னால் வராத கோப்பு, இணைத்து அனுப்பச் சொன்னால் வரும்.

"அதான் ஒரே நாடு ஒரே சந்தா வந்துவிட்டதே" என்று ஒருவர் கேட்பார். 2025 ஜனவரியில் தொடங்கிய அந்த இந்திய அரசுத் திட்டம் மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாயில் அரசு உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்குப் படிக்க வழி செய்கிறது. தனியார் கல்லூரி மாணவர், பள்ளி ஆசிரியர், ஓய்வுபெற்ற பேராசிரியர், யாழ்ப்பாணத்திலோ கோலாலம்பூரிலோ இருந்து படிக்க நினைப்பவர் யாரும் அதில் வரமாட்டார்கள். உங்கள் கட்டுரையைக் களஞ்சியத்தில் வைக்கும் தேவை அப்படியேதான் இருக்கிறது.

நிலையாக நடக்க வைத்த ஏற்பாடு என்று பார்த்தால், பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழகம் செய்ததைப் பார்க்கலாம். அதன் ஆர்பி களஞ்சியத்தில் சேர்த்த கட்டுரைகள் மட்டுமே பதவி உயர்வு மதிப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்படும் என்று விதி வைத்தார்கள். துறைத் தலைவராக இருப்பவர் அந்த அளவுக்குப் போக முடியாவிட்டாலும், ஆண்டறிக்கைக்குக் கட்டுரைப் பட்டியல் கேட்கும் படிவத்தில் 'களஞ்சிய இணைப்பு' என்று ஒரு கட்டாயப் பத்தியைச் சேர்க்கலாம். பட்டியலை மார்ச்சில் கேட்கிறீர்கள் என்றால் படிவத்தை ஜனவரியிலேயே அனுப்பிவிடுங்கள். ஏற்புப் பிரதியைத் தேடி எடுக்க அவர்களுக்கு அந்த இரண்டு மாதம் வேண்டும்.